மைனர் காருக்கு ஒரு சோடி மட்பிளாப்

அப்பாவின் காரை அவருக்குச் சொல்லாமலே விற்பதென்று தம்பியும் நானும் தொலைபேசியில் முடிவெடுத்தோம். தம்பி கனடாவில் இருக்கிறான். திருகோணமலை அன்புவழிபுரத்து வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான்.

"சொன்னா விடமாட்டார் அக்கா. ஆள் வந்து எடுத்துக்கொண்டு போன பிறகு சொல்லுவம். ரெண்டு கிழமை கதைக்காம இருப்பார், பிறகு சரியாயிடும்" என்றான் தம்பி.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப்பாவுக்கு முன்னால் இருந்து அதைச் சொல்லவேண்டிய தேவையில்லை என்பதால், அது வசதியாகவும் இருந்தது.

விற்கவேண்டிய காரணம் பொய்யில்லை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலின் அடிவயிற்றிலிருந்து பாரத்தைத் தூக்கி, கீழே நிற்பவர்களின் தலைக்கு மேலால் கொண்டுவந்து, லொறித் தட்டில் சத்தம் கேளாமல் இறக்கிவைப்பாராம். அவரோடு வேலை செய்தவர்கள் கலியாண வீடுகளில் சந்தித்தால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள். அப்படிக் குறிபார்த்த கண்ணுக்குத்தான் இப்போது நோய். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, இரண்டு பக்கப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது. இனி வாகனம் ஓட்டவேண்டாமென்று கிளினிக்கில் டொக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். வெளியே வந்ததும், "சின்னப் பிள்ளை டொக்டர். பயப்படுத்துறா" என்று சொல்லிவிட்டுக் காரின் கதவைத் திறந்து ஏறினார். நானும் ஏறினேன்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. டச்சுக்குடாக் கடற்கரையோரமாக வந்துகொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் போன ஒரு பிள்ளையின் கைபிடியில் காரின் இடதுபக்கம் தட்டியது. அவள் சைக்கிளோடு வாய்க்கால் ஓரத்தில் விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று. அப்பா பதறி இறங்கி, அவளைத் தூக்கி நிறுத்தி, தன் கைலேஞ்சியால் மண்ணைத் தட்டிவிட்டபடி, "எங்கயிருந்தம்மா திடீரெண்டு வந்தனீ?" என்று கேட்டார்.

அவள் எங்கிருந்தும் வரவில்லை. வீதி நீளத்துக்கும் எங்களுக்கு முன்னால், இடதுபக்க ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அப்பா அவளைக் கண்டிருப்பார் என்று நினைத்து நான் எச்சரிக்காமல் இருந்துவிட்டேன். எனக்கு அதற்குப் பிறகு நித்திரை ஒழுங்காக வரவில்லை.

கார் என் பெயரில் இருந்தது. அம்மா இறந்த வருடம் அப்பாவே எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டு என் பெயருக்கு மாற்றித் தந்திருந்தார். "எனக்குப் பிறகு நீ இதுக்கெண்டு அலையக்கூடாது" என்றார். அதனால்தான் அவருக்குத் தெரியாமல் விற்க முடிந்தது. அவர் என்னை நம்பிச் செய்த காரியத்தை வைத்துத்தான் நான் இதைச் செய்தேன்.

காரைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய இங்கிலாந்துக் கார். முட்டையைப்போல உருண்டையான முதுகு. இலங்கை முழுக்க அதை மைனர் என்றுதான் சொல்வார்கள். எங்களுடையது வெளிர் பச்சை. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா அதை ஒரு தோட்டத்து மனேஜரிடமிருந்து வாங்கியிருக்கிறார். படங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்து இணையத்தில் போட்டேன். அப்பா பின்னேர நித்திரையில் இருந்த நேரம் பார்த்து, வளவுக்குள் மெதுவாக நடந்து, சுற்றிச் சுற்றி எடுத்தேன். சொந்த வீட்டு வளவில் களவெடுக்க வந்தவளைப்போல இருந்தது.

பலர் அழைத்தார்கள். கண்டியிலிருந்து பேசிய ஓர் இளைஞரை எனக்குப் பிடித்தது. பழைய கார்களில் பைத்தியம். ஏற்கெனவே இரண்டு வைத்திருந்தார். உடைத்துப் பாகமாக விற்கமாட்டேன், ஓட்டுவேன் என்றார். எல்லாம் பேசி முடிந்து வைக்கப்போகும்போதுதான் அதைச் சொன்னார்.

"அக்கா, படத்துல பாத்தா பின்னால மட்பிளாப் ரெண்டும் சரியில்லையே. ஒண்ணு பாதி கிழிஞ்சு தொங்குது. மத்தது இல்லவே இல்ல. கண்டி வரைக்கும் ஓட்டிட்டுப் போகணும், மழையும் தொடங்கிருச்சு. சேறடிச்சுக் கீழ்த்தகடு துருப்பிடிச்சிடும். அத மட்டும் போட்டு வச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

மட்பிளாப் என்றால் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர்த் துண்டு. சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் அதில் பட்டுக் கீழே விழும். அது இல்லாமல் எங்கள் கார் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கவனித்ததே இல்லை.

எந்த அளவு, எங்கே கிடைக்கும், எப்படிப் பூட்டுவது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கார் ஸ்டார்ட் பண்ணும் திறப்பும் அப்பாவிடம். அடுத்த நாள் காலை அவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தேநீர்க் கோப்பையை நீட்டியபடி கேட்டேன்.

"அப்பா, பின்னுக்கு மட்பிளாப் இல்லாமப் பார்க்க வடிவில்லை. புதுசு போடுவமே?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது. சோதனையில் நான் நல்லபடியாகப் பாஸ் பண்ணி வந்த நாளில்கூட அப்படிப் பார்த்ததாக நினைவில்லை.

"உனக்கு அது கண்ணில பட்டதோ?"

"பட்டது."

"கொம்மா உயிரோட இருக்கேக்கையே கிழிஞ்சது. எத்தினை தரம் சொல்லியிருப்பன். இந்த வீட்டில ஒருத்தரும் காதில விழுத்தேல்லை." தேநீரை வாங்கிக் காரின் முகப்பில் வைத்தார், தன்னைத் தவிர வேறு எவர் அங்கே எதை வைத்தாலும் கத்துகிற மனிதர். "இண்டைக்கு உனக்கு லீவுதானே? இப்பவே போவம்."

உள்ளே போய்ச் சவரம் செய்து, அயன் பண்ணிய சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். ஓட்டவேண்டாம், ஓட்டோவில் போவோம் என்றேன். "காருக்குச் சாமான் வாங்கப் போறதுக்கு ஓட்டோவிலயோ?" என்று சிரித்தார். நான் முன்கதிரையில் இருந்து, இடதுபக்கம் முழுவதையும் அவருக்காகப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் நகரத்து வீதிகளில் மான்களும் திரியும். "அப்பா, மான்", "அப்பா, சைக்கிள்", "அப்பா, இந்த மனிசி கடக்கப்போறா." அவருக்கு அது குதூகலமாக இருந்தது. "நல்ல சிக்னல்காரிதான் நீ. கிரேனுக்குக் கீழ நிண்டிருக்கலாம்" என்றார்.

நகரத்துக்குள் உதிரிப்பாகக் கடையில் லொறிக்குப் போடுகிற பிளாஸ்டிக்தான் இருந்தது, மயில் படம் போட்டது, சிங்கம் படம் போட்டது. மைனருக்கு என்றதும் கடைக்காரர் கவுண்டருக்குள் நின்றபடியே எட்டிக் காரைப் பார்த்துவிட்டு, "இது எங்கட வாப்பா காலத்துக் காரெல்லோ" என்றார். வெட்டிப் போட ஏலாதோ என்று அப்பா கேட்டார். அது சூட்டில் வளைந்துவிடும் என்றார் அவர். பாலையூற்றில் ஒரு வளவுக்குள் இதேமாதிரிக் கார் ஒன்று நெடுநாளாக நிற்கிறது என்று வழியும் சொன்னார்.

அந்தக் கார் ஒரு முருங்கைமரத்துக்குக் கீழே நின்றது. சக்கரங்கள் பாதிவரை மண்ணுக்குள். உள்ளே கோழிகள் அடைகிடந்தன. வீட்டுக்காரப் பெண் எங்களைக் கண்டு பயந்துவிட்டு, விசயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எடுத்துக்கொண்டு போங்கோ. அவர் வெளிநாட்டால வந்து திருத்துவன் எண்டு சொல்லிச் சொல்லியே இப்பிடிக் கிடக்கு."

பின்சக்கரத்தில் ரப்பர் தொங்கத்தான் செய்தது. அப்பா சேர்ட் கையை மடித்துவிட்டு மண்ணில் முழந்தாளிட்டு, இரண்டு விரலால் அதைத் தொட்டார். நமத்துப்போன அப்பளத்தைப்போல் மடங்கி, பிறகு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவருடைய கையில் ஒரு கரும்பொடி மட்டும் மிஞ்சியது. அவர் அதைத் தட்டிவிடாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மற்றச் சக்கரத்தில் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் அந்தப் பெண்ணிடம் வாங்கிய பால்மாப் பெட்டியின் மட்டையை வைத்து, என்னைப் பிடிக்கச் சொல்லி, பென்சிலால் ஓரத்தைக் கீறினார். அடிப்பக்கம் வளைவாக இருந்தது. "பார்த்தியோ, அடி சதுரம் இல்லை. கம்பெனி இப்பிடித்தான் செய்தது. நாங்களும் இப்பிடித்தான் செய்யவேணும்."

நாங்களும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கார் போய்விடும் என்று தெரிந்துகொண்டே நான் அந்த மட்டையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உள்துறைமுகப் பக்கம் பழைய ரப்பரில் வேலை செய்யும் ஒருவரை எனக்கு அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கிண்ணியாவைச் சேர்ந்தவர். தோணிகள் கரையில் முட்டாமலிருக்கக் கட்டும் ரப்பர், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் டயர்வாளி, வண்டில் சக்கரத்துக்குப் பட்டி, எல்லாம் வெட்டித் தருவார். அடுத்த நாள் நான் வேலை விட்டு வந்ததும் அங்கே போனோம். தகரக் கூரைக்குக் கீழே, ரப்பர் தூசியும் வெயிலும் கலந்த ஒரு வாசம். அவருக்கு என் வயது இருக்கும். வாய் ஓயாமல் கதைப்பவர்.

"வாங்க ஐயா, வாங்க மிஸ். இந்தக் காருக்கா? மாஷா அல்லாஹ். இதுக்கு டயர் ரப்பர் சரிவராது. உள்ளுக்குக் கம்பி இருக்கு, வெட்டினா பிசிறடிக்கும். இருங்க, ஒரு சாமான் காட்டுறன்."

மூலையிலிருந்து சுருட்டி வைத்த கறுப்பு ரப்பர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்க ஓடும் பெல்ட் பட்டி. தேய்ந்தபிறகு ஏலத்தில் விற்றதை எடுத்திருக்கிறார். அப்பா அதைக் கண்டதும் குனிந்து உள்ளங்கையால் தடவினார். முகத்தை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தார்.

"இதுக்குப் பக்கத்தில நான் வேலை செய்தனான் தம்பி. இது ஓடத் தொடங்கினா ஆளுக்காள் கதைக்கேலாது. கையாலதான் கதை."

"அப்ப இது உங்கட சாமான்தான் ஐயா. திருப்பி உங்களிட்டயே வருது."

அப்பாவுக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துவிட்டது. கதிரை போட்டு இருத்தினார்கள். பால் விடாத பிளேன்டீ வந்தது. கடைக்காரர் மட்டையை ரப்பரின் மேல் வைத்துக் கீறி, கத்தியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வெட்டினார். வெட்டிக்கொண்டே தன் மகளுக்குக் கலியாணம் பேசுகிற கதை, கிண்ணியாப் பாலம் வருமுன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் தொழிலுக்கு வந்த கதை. கதையில் அவருடைய கவனம் போய்விட்டது. இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டார். மேல்பக்கச் சரிவு இரண்டிலும் இடப்பக்கமாகவே இருந்தது. காரில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பட்டியின் மறுபக்கம் துணிப்படை, திருப்பிப் போடவும் முடியாது.

"யா அல்லாஹ்! ரெண்டும் இடக்கையாப் போச்சே!" என்று தலையில் கைவைத்தார். அப்பா சிரிக்கத் தொடங்கினார். அப்படி அவர் சிரித்து நான் கண்டு பல காலம். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மற்றதை வெட்டும்வரை இருக்கவேண்டி வந்தது. அந்த நேரத்தில்தான் அப்பா அவரிடம் அதைச் சொன்னார். நான் வாசலில் நின்று கடலைப் பார்ப்பதுபோல நின்றேன்.

"உண்மையில இது என்ர மகள் கேட்டுத்தான் தம்பி. எனக்கெண்டா இப்பிடியே ஓடியிருப்பன். இனி அவவின்ர கார்தானே. எனக்கும் கண் முந்தியைப்போல இல்லை. இந்த மாரி முடியமுதல் அவவுக்கு ஓட்டப் பழக்கிப்போட்டு, நான் பக்கத்துக் கதிரையில ஏறியிருக்கப்போறன்."

"அது நல்லம் ஐயா. மிஸ் ஓட்ட, நீங்க ராசா மாதிரி இருக்கலாம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண் சரியில்லை என்று அவர் வாயால் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குச் சொல்லாததை, இரண்டு ரப்பரையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிய ஒரு மனிதரிடம் சொன்னார். அல்லது எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அங்கே வைத்துச் சொன்னாரோ தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போய்க் கண்டி இளைஞரை அழைத்தேன். மனம் மாறிவிட்டது, விற்கவில்லை என்று சொல்வதற்காக. வார்த்தைகளை வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

"அக்கா! நானே எடுக்கணும்னு இருந்தேன்" என்றார் அவர். "லீவு போட்டாச்சு. என் ஃபிரண்டும் வாறான். அம்மாவும் திருகோணமலை பாத்ததில்ல, கோயிலுக்கு வரணும்னு சொல்றாங்க. மட்பிளாப் சரியாயிடுச்சா?"

"ஓம்" என்றேன். "செய்தாச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். அந்தச் சைக்கிள் பிள்ளையின் முழங்கால் நினைவுக்கு வந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என்னைத் தடுத்தது அது இல்லை. யாரோ ஒரு தாயிடம், வரவேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் தகப்பனை ஏமாற்ற அவ்வளவு வெட்கம் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அப்பா தானே பூட்டினார். பழைய ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பானரைத் தட்டித் தட்டித் திருப்பினார். ரப்பருக்குப் பின்னால் வைக்க அலுமினியப் பட்டி ஒன்றை அரத்தால் தேய்த்து எடுத்தார். துளை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடாமல் விரலால் தேடினார். நான் நிலத்தில் குந்தியிருந்து டோர்ச் அடித்தேன். முடிந்ததும் எழும்பி, நாலைந்து அடி பின்னுக்குப் போய் நின்று பார்த்தார். வட்டமான முதுகுக்குக் கீழே இரண்டு கறுப்பு ரப்பரும் ஒரே உயரத்தில் நேராகத் தொங்கின.

"இனித்தான் இது முழுக் கார்" என்றார்.

மத்தியானம் மழை பெய்தது. நல்ல மழை. அது தூறலாகக் குறைந்ததும் அப்பா வாசலுக்கு வந்து, "வா, பார்ப்பம் ரப்பர் சேற்றைப் பிடிக்குதோ எண்டு" என்று திறப்பை என் கையில் வைத்தார்.

"நானோ?"

"பின்ன ஆர்? நான் ஓட்டினா, பின்னுக்கு நிண்டு பார்க்கிறது ஆர்?"

எனக்கு லைசன்ஸ் இருந்தது. ஸ்கூட்டரைத் தவிர ஒன்றும் ஓட்டுவதில்லை. எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவின் முடிவில் ரயில்பாதை ஓரமாக ஒரு மண்பாதை. அது முழுக்கக் குழியும் தண்ணீருமாகக் கிடந்தது. அப்பா ஓரத்தில் குடையோடு நின்று கையை உயர்த்தினார். கிரேன்காரருக்குக் கீழே நின்று சைகை காட்டுவார்களே, அந்த மாதிரி. வா, வா, மெதுவாக, இடப்பக்கம், நில், இனி வா. நான் முதல் கியரில் அந்தத் தண்ணீருக்குள் இறக்கினேன். பின்னால் சலார் என்று சத்தம். அந்தப் பக்கம் ஏறி நிறுத்தியதும் அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்போடு சேற்றுக்குள் நடந்து வந்தார். குனிந்து பின்பக்கத் தகட்டைத் தடவி, எனக்குக் காட்டினார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

"ஒரு சொட்டில்லை. திருப்பு. இன்னொருக்கா."

மூன்று நாலு தடவை ஓட்டினேன். கடைசித் தடவை கிளச்சை நன்றாகவே பிடித்துவிட்டேன். அவர் என்னைவிடச் சந்தோசமாக இருந்தார். அந்தப் பாதையில் வைத்துச் சொல்லியிருக்கலாம். காரை நிறுத்தி, "அப்பா, நாளைக்கு ஒரு ஆள் வருது" என்று ஒரு வசனம். நனைந்த சேர்ட்டோடு பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்து, "வீட்டை போ டிரைவர்" என்றார் அவர். நான் வீட்டுக்கு ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நினைத்ததைவிட முந்தி வந்துவிட்டார்கள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். படலை வாசலில் வான் வண்டியின் சத்தம் கேட்டு வெளியே வருவதற்கிடையில் இளைஞர் இறங்கி நேரே காருக்குப் போய்விட்டார். அப்பா வளவில்தான் நின்றார். காரைப் பார்க்க ஆரோ பொடியன் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, சந்தோசமாக அவனைக் காரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டத் தொடங்கிவிட்டார். வழியில் போகிறவர்கள் அப்படி வந்து பார்ப்பது புதிதில்லை.

"இதைப் பாரும் தம்பி. துறைமுகத்து பெல்ட் ரப்பர். இந்தக் கிழமைதான் வெட்டினது."

"சூப்பரா இருக்கு அங்கிள். அக்காகிட்ட இது ஒண்ணுதான் கேட்டேன். சொன்ன மாதிரியே போட்டு வச்சிருக்காங்க."

நான் வாசற்படியில் நின்றேன். அப்பா நிமிர்ந்தார். பக்கப் பார்வை இல்லாததால் அவர் தலையை முழுவதாகத் திருப்பித்தான் என்னைத் தேடவேண்டியிருந்தது. மெதுவாகத் திருப்பி, என்னைக் கண்டுபிடித்தார்.

"இவர் கேட்டவரோ?"

"ஓம் அப்பா."

"மட்பிளாப்?"

"ஓம்."

அந்த இளைஞருக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்துப்போய், "அக்கா, அங்கிளுக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். வானுக்குள்ளிருந்து அவருடைய அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா என் பக்கமிருந்து தலையைத் திருப்பினார். அந்த அம்மாவைப் பார்த்து, "வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ. தேத்தண்ணி குடிப்பம்" என்றார். உள்ளே போய், ஜாக், ஸ்பானர் கட்டு, மேலதிகத் திறப்பு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். குளிர் நேரத்தில் ஸ்டார்ட் பண்ண எஞ்சின் சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும், பின்கதவுப் பூட்டை எந்தப் பக்கம் அழுத்தித் திருப்பவேண்டும், எல்லாம் அந்த இளைஞருக்கு ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்தார். அவரும் "சரி அங்கிள், சரி அங்கிள்" என்று தலையாட்டிக்கொண்டே, இடைக்கிடை என்னைப் பார்த்தார். புறப்படும் முன் என்னிடம் வந்து, "வேணாம்னா சொல்லுங்க அக்கா, நாங்க போயிடுறோம்" என்று மெதுவாகக் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு அது கேட்டிருந்தது.

"கொண்டு போம் தம்பி. வித்தது வித்ததுதான்" என்றார்.

கார் ஒழுங்கை திரும்பும்வரை படலையில் நின்றார். அது திரும்பியதும் உள்ளே வந்து, கதிரையில் இருந்து, செருப்பைக் கழற்றினார். நான் எதிரில் போய் நின்றேன். சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். டொக்டர் சொன்னது, அந்தச் சைக்கிள் பிள்ளை, தம்பியின் கவலை. அவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார்.

"நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை" என்றார் கடைசியில். "என்னைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பன். நீ கேக்கேல்லை."

குடுத்திருப்பாரா? இல்லாமலும் போயிருக்கலாம். சண்டை பிடித்திருக்கலாம், திறப்பை ஒளித்திருக்கலாம். ரப்பர் கடையில் அவர் சொன்னதை நினைத்தால், குடுத்திருப்பார் என்றுதான் படுகிறது. எதுவென்று இனி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்கிற வழியை அடைத்தது நான்.

தம்பி சொன்ன அந்த இரண்டு கிழமைக் கோபம் வரவேயில்லை. அதே நாள் பின்னேரமே, இரவுக்குப் புட்டா இடியப்பமா என்று கேட்டார். அதற்குப் பிறகும் ஒரு குறையும் சொல்லவில்லை. கிளினிக்குக்கு ஓட்டோவில் போகிறோம். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிய கறுப்பு மட்டும் கொஞ்சநாள் கிடந்தது. தம்பி, "பார்த்தியா, நான் சொன்னனான்தானே" என்றான்.

தைப்பொங்கலுக்குக் கிட்ட ஒருநாள், தொலைக்காட்சியில் மலைநாட்டு மழையைக் காட்டினார்கள். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொடியனோட கதைக்கிறனீயோ?" என்றார்.

"எப்பவாவது இருந்திட்டு."

"கண்டிப் பக்கம் மழையாம். மட்பிளாப் பிடிக்குதோ எண்டு ஒருக்காக் கேள்."

கேட்டேன். குரல் செய்தியாகப் பதில் வந்தது. நல்ல பிள்ளைதான், ஒளிக்கத் தெரியாதவர். "அக்கா, அத அப்பவே கழட்டிட்டேன். இங்கிலாந்துல இருந்து ஒரிஜினல் செட் கிடைச்சுது. ஷோவுக்குக் கொண்டுபோனா ஒரிஜினல்தான் பாப்பாங்க. அங்கிள் செஞ்சது கராஜுல எங்கயாவது கிடக்கும்." எடுத்து அனுப்ப முடியுமா என்று எழுதினேன். தேடிப் பார்க்கிறேன் என்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அப்பா பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பிடிக்குதாம் அப்பா" என்றேன். "சேறு ஒரு சொட்டும் படேல்லையாம்."

"பெல்ட் ரப்பரெல்லோ" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. கார் போனதற்குப் பிறகு முதல் தடவையாக அப்படிக் கண்டேன். "அந்தக் கிண்ணியாத் தம்பிக்கும் இதைச் சொல்லவேணும். பாவம், ரெண்டு தரம் வெட்டின மனுசன்."

நான் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த கிழமை கிளினிக்கிலிருந்து வரும்போது ஓட்டோக்காரரிடம் அவரே வழி சொல்லி உள்துறைமுகப் பக்கம் திருப்பிவிட்டார். கடைக்காரர் எங்களைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்தார். காரைக் காணவில்லையே என்றார். கண்டிக்கு விற்றாயிற்று என்றார் அப்பா. சொல்லிவிட்டு, "சொல்லு பிள்ளை, அவர் என்ன சொன்னவர் எண்டு" என்று என் பக்கம் தலையை முழுவதாகத் திருப்பினார்.

நான் திரும்பவும் சொன்னேன். மலைப்பாதையிலும் நன்றாகப் பிடிக்கிறதாம். இப்படி ஒரு வேலை கண்டியிலும் கிடைக்காதாம். இந்தக் கடைசி வசனம் நானாகச் சேர்த்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கடைக்காரர். அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே பார்த்து மூன்று பிளேன்டீ சொன்னார். "மிஸ், அவருக்கிட்டச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்களேன். பின்பக்கம் தெரியிற மாதிரி. இந்தா, இந்தத் தகரத்தில ஒட்டி வைப்பம்."

அப்பாவும், அதுதானே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சொல்லுகிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை. கேட்டால் வரும் படத்தில் இங்கிலாந்து ரப்பர்தான் தொங்கும். அப்பா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார், விரலால் தடவியும் பார்ப்பார். பொடியனுக்கு வேலை கூட, பொடியன் ஊரில் இல்லை, போன் உடைந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவருகிறேன். அப்பா, "ஆறுதலா அனுப்பட்டும்" என்கிறார்.